யார் வீட்டுப் பணத்தில் வாங்கிய புகாட்டி?

பழைய கார்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் இடங்களுக்குப் போனால், நான் வண்டியைவிடப் பக்கத்தில் இருக்கும் பலகையைத்தான் அதிக நேரம் பார்ப்பேன். எங்கள் ஊரில், அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் வைத்திருக்கும் கார் மியூசியத்திலும் அப்படித்தான். எந்த வருடத்து வண்டி, எத்தனை சிலிண்டர், எத்தனை குதிரைத்திறன், முதலில் யாரிடம் இருந்தது என்று எல்லாப் பலகைகளும் ஒரே வரிசையில் சொல்லிக்கொண்டு போகும். வண்டி கடைசியில் இந்தச் சுவருக்குள் எப்படி வந்து நின்றது, அதற்கு யார் காசு கொடுத்தார்கள் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. அது ஒரு குறையாக எனக்குத் தோன்றியதும் கிடையாது. முலூஸ் கார் அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தபிறகுதான் அந்த விடுபட்ட வரி என்னைப் பிடித்து உலுக்க ஆரம்பித்தது. இப்போது எந்தப் பழைய வண்டியைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் கேட்கத் தோன்றுகிறது.

முலூஸ் பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், அல்சாஸ் பகுதியில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. என் சித்தப்பா மகன் பாசலில் வேலை பார்க்கிறான். கார் பைத்தியம் என்று சொன்னால் கோபப்பட மாட்டான், பெருமைப்படுவான். "ண்ணா, லூவ்ர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல இங்க வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனது அவன்தான். உலகத்திலேயே அதிகமான புகாட்டிகள் ஒரே கூரையின் கீழ் நிற்கும் இடம், 400க்கும் மேற்பட்ட கார்கள், அதில் நூற்றுக்கு மேல் புகாட்டி என்றெல்லாம் ரயிலிலேயே பாடம் நடத்திவிட்டான். ஒரு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அது ஒரு நூற்பாலை.

மில்லுக்குள் ஒரு வீதி

வெளிமுகப்பு நவீனமாக இருக்கிறது. அது 2006இல் கட்டியது. உள்ளே போய், முன்கூடத்தைத் தாண்டி, பெரிய கூடத்துக்குள் கால் வைத்ததும் என் தம்பி கார்களைப் பார்த்தான், நான் கூரையைப் பார்த்தேன். ஸ்பின்னிங் மில் குடும்பத்தில் பிறந்தவனுக்கு அந்த இடத்தை அடையாளம் காண வழிகாட்டி தேவையில்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை சம இடைவெளியில் தூண்கள். மறைப்பே இல்லாத, பிரம்மாண்டமான ஒரே தளம். ஸ்பின்னிங் ஃப்ரேம்களை வரிசையாகப் போடுவதற்கென்றே கட்டிய இடம் அது. அப்பா நூற்பு இயந்திரங்களைக் கவனிக்கும் சைடராக இருந்த மில்லில் சின்ன வயதில் ஆயுத பூஜையன்று உள்ளே விடுவார்கள். அங்கே நூல் கதிர்கள் சுற்றிய வரிசைகளில் இங்கே மெர்சிடிஸும் மசெராட்டியும் நிற்கின்றன.

தரையில் வெள்ளைச் சரளைக் கற்களைப் பரப்பி, நடுவில் வீதிகள் போல வழி விட்டிருக்கிறார்கள். வீதி ஓரமெல்லாம் தெருவிளக்குகள், நூற்றுக்கணக்கில். பாரீஸில் மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்தில் நிற்கிற விளக்குக் கம்பங்களின் அச்சு அசல் நகல்களாம். இரவில்லாத ஒரு கூடத்துக்குள் இத்தனை தெருவிளக்கு எதற்கு என்று யாருக்கும் தோன்றும். எல்லாம் எரிகின்றன, அழகாகவும் இருக்கின்றன. அதுதான் சங்கடம்.

விசித்திரமான வண்டிகளைத் தேடுகிறவர்களுக்கு இங்கே விருந்துதான். 1878ஆம் ஆண்டின் ஜாக்கோ நீராவி வண்டி நிற்கிறது. கார் என்று இன்று நாம் சொல்வது பிறப்பதற்கு முந்தைய உருப்படி. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்த போர்க்காலத்தில், 1942இல், பால் ஆர்சன்ஸ் என்ற ஓவியர் தனக்காகச் செய்துகொண்ட மின்சார முட்டை இருக்கிறது. மூன்று சக்கரம், அலுமினியம், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். பேரே 'முட்டை'தான். இதே ஆர்சன்ஸ் பின்னாளில் பிரெஞ்சு ரயில்வேக்கு எஞ்சின்களின் தோற்றத்தை வடிவமைத்தார். அப்புறம், புகாட்டி நிறுவனத்தைத் தொடங்கிய எட்டோரே புகாட்டி தன் இளைய மகனுக்காகச் செய்த குட்டி மின்சார கார். அதைப் பார்த்த பணக்கார வாடிக்கையாளர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் கேட்க, அதையும் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கூடத்திலேயே மனசாட்சி உறுத்தாமல் ரசிக்க முடிந்தது அந்த முட்டையைத்தான்.

கூட்டமெல்லாம் நிற்பது ராயல் முன்னால். எட்டோரே புகாட்டி அரசர்களுக்கென்றே நினைத்துச் செய்த கார். 12.7 லிட்டர் எஞ்சின், 8 சிலிண்டர், 6 மீட்டருக்கு மேல் நீளம். ரேடியேட்டர் மூடியின்மேல் தும்பிக்கையைத் தூக்கி நிற்கும் யானை. அது அவருடைய தம்பி, சிற்பி ரெம்ப்ராண்ட் புகாட்டி செய்த உருவம். 25 செய்வதாகத் திட்டம். உலகப் பொருளாதாரம் சரிந்த நேரம் பார்த்து வந்ததால் ஆறோடு நின்றுவிட்டது, அதிலும் வெளியாட்கள் வாங்கியவை மூன்றுதான். ஒரு ராஜாவும் வாங்கவில்லை! வாங்கிய மூவரில் ஒருவரான அர்மான் எஸ்டர்ஸ் ஆயத்த ஆடை வியாபாரி. இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை என்பதால் தன் ராயலுக்கு முகப்பு விளக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த ஆறில் இரண்டு அசல்கள் முலூஸில் நிற்கின்றன. எட்டோரே தன் உபயோகத்துக்கு வைத்திருந்த கூப்பே நெப்போலியன் ஒன்று, பார்க் வார்ட் லிமோசின் இன்னொன்று. எஸ்டர்ஸின் வண்டியைப் போலவே, உதிரி பாகங்களிலிருந்து கட்டிய மூன்றாவதும் இருக்கிறது, விளக்கில்லாமலேயே.

"எப்படிண்ணா இத்தனையும் ஒரே ஆள் கையில சிக்குச்சு?" என்று தம்பி வியந்தான். இரண்டு ஆள், அண்ணனும் தம்பியும்.

ஷ்லும்ப் சகோதரர்கள்

ஹான்ஸ் ஷ்லும்ப் பிறந்தது 1904இல், தம்பி ஃப்ரிட்ஸ் 1906இல். இத்தாலியில் பிறந்தவர்கள், தகப்பனார் சுவிஸ்காரர், அம்மா ஜான் முலூஸ்காரர். அப்பா சீக்கிரமே இறந்துவிட, அம்மா பிள்ளைகளைத் தன் ஊருக்குக் கூட்டிவந்து வளர்த்தார். ஃப்ரிட்ஸ் கம்பளித் தரகராகத் தொடங்கி, மலையடிவார ஊரான மால்மெர்ஸ்பாக்கில் இருந்த கம்பளி நூற்பாலையைப் பிடித்து, மேலும் மேலும் மில்களை வாங்கினார். முலூஸ் அந்தக் காலத்தில் பிரான்ஸின் மான்செஸ்டர். தென்னிந்திய மான்செஸ்டரிலிருந்து போன எனக்கு அந்தப் பெருமையும் அதன் முடிவும் புதிதல்ல. எங்கள் அம்மா எம்பிராய்டரிக்கு வாங்கும் டி.எம்.சி. நூல்கூட முலூஸ் சரக்குதான்.

ஃப்ரிட்ஸுக்கு இளமையிலிருந்தே புகாட்டி மேல் மோகம். புகாட்டி தொழிற்சாலை இருந்த மோல்ஸைமும் இதே அல்சாஸில்தான். 1960களின் தொடக்கத்தில் அந்த மோகம் வேறொன்றாக மாறியது. கடிதம் எழுதி, ஆள் அனுப்பி, விலை பேசி, ஐரோப்பா முழுக்க வாங்கினார். புகாட்டி நிறுவனமே கைமாறியபோது அங்கே எஞ்சியிருந்த வண்டிகளையும் வாங்கினார். கூப்பே நெப்போலியன் வந்தது அப்படித்தான். 1964இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜான் ஷேக்ஸ்பியர் என்ற சேகரிப்பாளர் வைத்திருந்த 30 புகாட்டிகளையும் மொத்தமாக வாங்கி, ரயிலேற்றி, கப்பலேற்றிக் கொண்டுவந்தார். எல்லாம் வந்து இறங்கிய இடம், 1957இல் வாங்கிய முலூஸ் நூற்பாலை. உள்ளே தச்சர்கள், மெக்கானிக்குகள், பெயின்டர்கள் என்று ஒரு தனிப் பட்டறையே வேலை செய்தது. வெளியே மூச்சு விடக்கூடாது என்பது கட்டளை. பக்கத்துத் தெருக்காரர்களுக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று சரியாகத் தெரியாது. இதையெல்லாம் தன் அம்மாவின் நினைவுக்கு அர்ப்பணிக்கிற அருங்காட்சியகமாகத் திறக்க வேண்டும் என்பது ஃப்ரிட்ஸின் கனவு. விளக்குக் கம்பங்களும் சரளைக் கல்லும் அவர் காலத்து ஏற்பாடுதான். திறப்பு விழா மட்டும் நடக்கவே இல்லை.

இந்த இடத்தில் எனக்கு ஃப்ரிட்ஸ் மேல் ஒரு பரிவும் வருகிறது, மறைப்பானேன். 1960களில் போருக்கு முந்தைய கார் என்றால் பலருக்கும் அது பழைய இரும்பு. கேட்பாரற்றுக் கொட்டகைகளில் கிடந்தவை எத்தனையோ. அந்த மனிதர் பைத்தியமாக இல்லாமல் இருந்திருந்தால் இந்த வரிசையில் பாதி உருக்கு உலைக்குப் போயிருக்கும். என் தம்பி கட்சியும் இதுவேதான். "கார் என்னண்ணா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டான். கார் ஒரு பாவமும் பண்ணவில்லை.

ஆனால் அதே வருடங்களில் ஐரோப்பாவின் நூற்புத் தொழில் சரிந்துகொண்டிருந்தது. எல்லா முதலாளிகளும் புதிய இயந்திரத்துக்குப் பணம் தேடிய காலம். இங்கே வருமானத்தில் ஒரு பங்கு, யாருக்கும் தெரியாத ஒரு கூடத்துக்குள் தெருவிளக்காக நடப்பட்டுக்கொண்டிருந்தது. நிறுவனத்தின் பணம் எங்கே முடிகிறது, சகோதரர்களின் சொந்தப் பணம் எங்கே தொடங்குகிறது என்பதே பிற்பாடு நீதிமன்றங்களில் பெரிய கேள்வியானது.

1977 மார்ச் 7

1976இல் மில்கள் மூடத் தொடங்கின. ஆட்குறைப்பு, சம்பள பாக்கி, வேலைநிறுத்தம், வீட்டு வாசலில் முற்றுகை. சகோதரர்கள் இருவரும் எல்லையைத் தாண்டி பாசலுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வரவில்லை. 1977 மார்ச் 7ஆம் தேதி தொழிற்சங்கத்துக்காரர்கள் அந்த முலூஸ் மில்லுக்குள் புகுந்தார்கள்.

நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அந்தக் கணம்தான். கம்பளி நூற்றுக் கை காய்த்தவர்கள், மாதக் கணக்கில் சம்பளம் என்னாகும் என்று தெரியாமல் இருந்தவர்கள் கதவைத் திறக்கிறார்கள். எதிரே வெள்ளைச் சரளை, விளக்குக் கம்பங்கள், பளபளவென்று மெருகேற்றிய நூற்றுக்கணக்கான கார்கள். மில்லை நவீனமாக்கக் காசில்லை என்று கேட்டுக் கேட்டுச் சலித்த காதுகளோடு அவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். யாராக இருந்தாலும் கையில் கிடைத்த இரும்புக் கம்பியை எடுத்திருக்க வேண்டிய நேரம். கோபத்துக்குப் பலியானதாக ஒரு சின்ன ஆஸ்டின் 7 வண்டியைச் சொல்கிறார்கள். அதை எரித்தார்கள். அத்தோடு சரி. மற்ற கார்களுக்கு அவர்களே காவல் நின்றார்கள். தொழிலாளர் அருங்காட்சியகம் என்று பெயர் மாற்றி, பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இரண்டு வருட ஆக்கிரமிப்பில் லட்சக்கணக்கானோர் வந்து பார்த்தார்கள். ஃப்ரிட்ஸ் செய்யாமல் விட்ட திறப்பு விழாவை அவர்கள் செய்தார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் அருங்காட்சியகத்தில் மறைத்து வைத்த ரகசியம் ஒன்றும் இல்லை. ஷ்லும்ப் கதைக்கென்று உள்ளே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் அதைத் தாண்டிப் போனதும் பலகைகள் மறுபடியும் சிலிண்டர் கணக்குக்குத் திரும்பிவிடுகின்றன. நான் சுற்றிமுற்றிப் பார்த்தவரை எல்லோரும் அந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துபோனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, டிக்கெட் வாங்கியது புகாட்டி பார்க்கத்தானே.

அன்று ராத்திரி அப்பாவிடம் போனில் பேசினேன். படங்களை ஏற்கெனவே அனுப்பியிருந்தேன். "இது மில்லாச்சே கண்ணு" என்றுதான் ஆரம்பித்தார். கதையைச் சொன்னேன். சம்பள பாக்கி, ஓடிப்போன முதலாளி என்பதெல்லாம் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் மில் மூடியபோது பணிக்கொடைக்காகப் பல வருடம் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு நடந்தவர்.

"அத்தன காரு இருந்துச்சே, வித்துப் போட்டாங்களா?" என்றார்.

"இல்லீங்கப்பா, காவல் இருந்திருக்காங்க."

"பின்ன? இருந்துதான ஆகோணும். நாங்களும் மில் கேட்டு முன்னாடி ஷிப்டு போட்டு உக்காந்திருந்தமல்லோ. ஒரு மெஷின் வெளிய போகக்கூடாதுன்னு. மெஷின் போச்சுன்னா அப்புறம் எதை வெச்சு நம்ம காசக் கேக்கறது?"

நான் அதுவரை அந்தத் தொழிலாளர்களின் நாகரிகத்தை, கலை உணர்வை, பெருந்தன்மையை மெச்சிக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு வரியில் அதை வேறு பக்கம் திருப்பிவிட்டார். அவர்கள் ராயலுக்குக் காவல் நிற்கவில்லை, தங்கள் கூலிக்குக் காவல் நின்றார்கள். கார் என்பது ஈடு. ஈட்டுப் பொருளை யாராவது உடைப்பார்களா? இப்படிப் பார்த்தால் அந்தக் காவல் இன்னும் மதிப்பாகத்தான் தெரிகிறது, ஆனால் அருங்காட்சியகத்துக்காரர்கள் விரும்பக்கூடிய மதிப்பு அல்ல அது.

4 கோடியே 40 லட்சம் பிராங்க்

சரி, அந்த ஈடு என்ன ஆனது? 1978இல் பிரெஞ்சு அரசு மொத்தத் தொகுப்பையும் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அதாவது பிரித்து விற்க முடியாது, நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. 1979இல் ஆக்கிரமிப்பு முடிந்தது. 1981இல் உள்ளாட்சி அமைப்புகளும் கார் சங்கங்களும் சேர்ந்து உருவாக்கிய ஓர் அமைப்பு கார்களையும் கட்டடத்தையும் சேர்த்து 4 கோடியே 40 லட்சம் பிராங்குக்கு வாங்கியது. 1982இல் தேசிய அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

இதன் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துப் பாருங்கள். 1987 நவம்பரில், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஒரு ராயல் ஏலத்துக்கு வந்தது. முலூஸ் வண்டி அல்ல, ஆறில் வேறொன்று. 55 லட்சம் பவுண்டுக்குப் போனது. அன்றைய மாற்று விலையில் கணக்குப் போட்டால் 5 கோடி பிராங்குக்கு மேல். ஆறு வருடத்து விலையேற்றம், 80களின் ஏலப் பித்து எல்லாம் அதில் கலந்திருக்கிறது என்றாலும், ஒற்றைக் கார் மொத்தத் தொகுப்பையும் கட்டடத்தையும்விட அதிக விலைக்குப் போயிருக்கிறது. பிரித்து விற்கலாம் என்றிருந்தால் 1981இலேயே கடன்காரர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் எவ்வளவோ கூடுதலாகக் கிடைத்திருக்கும். பிரிக்கக்கூடாது என்ற சட்டம்தான் விலையை அமுக்கியது. அதே சட்டம்தான் இன்று நானும் என் தம்பியும் ஒரே டிக்கெட்டில் இத்தனையையும் பார்க்க வழி செய்தது. அந்த டிக்கெட்டின் மலிவு யார் கணக்கிலிருந்து வந்தது என்று யோசித்தால், வேடிக்கை பார்க்க வந்த நானும் அந்தக் கணக்கில் ஒரு பங்காளி ஆகிவிடுகிறேன்.

தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அப்ப பிரிச்சு வித்திருக்கணும்ங்கறீங்களா? ஆளுக்கொன்னா ஷேக்கு வீட்டுக் கராஜ்ல போயி உக்காந்திருக்கும், பரவாயில்லையா?" என்று மடக்கினான். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிரித்திருக்கக்கூடாது, தொழிலாளர்களுக்கு அரசு வேறு வழியில் ஈடு கட்டியிருக்க வேண்டும் என்று இப்போது சொல்கிறேன். இது கைக்காசு போடாதவன் சொல்கிற சுலபமான பதில் என்பதும் தெரிகிறது. ஒன்றில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். எரிந்த அந்த ஆஸ்டின் 7 போல ஒன்றை ராயலுக்கும் ராயலுக்கும் நடுவில் நிறுத்தி, 1977 மார்ச் 7 என்று ஒரு பலகை வைக்க வேண்டும். சிலிண்டர் எண்ணிக்கையே வேண்டாம்.

விற்காத எஞ்சின்கள்

முலூஸ் போகிறவர்கள் அதே ஊரில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். தம்பிக்கு ரயிலில் ஆர்வமில்லை, கார் மியூசியத்துக் கடையில் குட்டிப் புகாட்டி பொம்மை பொறுக்கிக்கொண்டிருந்தவனை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். ராயல்கள் விற்காமல் போனதும், அவற்றுக்காகச் செய்யத் தொடங்கிய ராட்சத எஞ்சினை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது அல்லவா, அதற்கு எட்டோரே கண்ட பதில் அங்கே தண்டவாளத்தின்மேல் நிற்கிறது. 1933இல் ஓடத் தொடங்கிய புகாட்டி ரயில் கார். பெரிய வகைகளில் 4 ராயல் எஞ்சின், மொத்தம் 800 குதிரைத்திறன். ஓட்டுநர் முன்னால் உட்காரமாட்டார். பெட்டியின் நடுவில், கூரைக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்து ஓட்டுவார். மொத்தம் 88 செய்தார்கள். மோல்ஸைம் தொழிற்சாலைக்கு மந்தக் காலத்தில் சோறு போட்டது ராயல் அல்ல, இதுதான். அந்தத் தொழிற்சாலையிலும் 1936இல் வேலைநிறுத்தம் வந்தது. தொழிலாளர்களைத் தன் குடும்பம் என்று நம்பிக்கொண்டிருந்த எட்டோரே மனம் கசந்து பாரீஸுக்குப் போய்விட்டார். அவர் போனாலும் ரயில்கள் ஓடின. அரசர்கள் வாங்காத எஞ்சின், டிக்கெட் வாங்கிய சனங்களை ஏற்றிக்கொண்டு 1958வரை ஓடியிருக்கிறது.